மூணு மடங்கு பெருசாத் தெரியணும்னா பொருளை எங்க வைக்கிறது? 13.33-ஆ, 6.67-ஆ?

பிக்கிளாஸ் (பள்ளிபாளையம்) கேட்டது:

வணக்கங்க. நான் விசைத்தறித் துணிக்கு செக்கிங் பார்க்கிறவன். பொண்ணு பத்தாவது படிக்குது. அரையாண்டுப் பரீட்சை அறிவியல் பேப்பர்ல இப்படி ஒரு கணக்கு வந்திருக்குதுங்க:

"10 செ.மீ. குவியத் தொலைவு கொண்ட குவிலென்ஸ் ஒன்று, பொருளைப் போல் மூன்று மடங்கு பெரிய பிம்பத்தை உருவாக்குகிறது. பொருளின் தொலைவைக் காண்க."

பாப்பா 6.67 செ.மீ.ன்னு போட்டிருக்குது. நாலு மார்க்குக்கு ஒண்ணுதான் விழுந்துச்சு. பக்கத்துல சிவப்பு மையில 13.33ன்னு எழுதி வட்டம் போட்டிருக்காங்க. கடையில வாங்கின கைடுலயும் 13.33தான் இருக்குது. சரி, தப்பாப் போட்டுடுச்சுன்னு நானும் விட்டிருப்பேன். விடாம பண்ணினது என்ற பிக்கிளாஸ்தாங்க.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பிக்கிளாஸ்ங்கிறது மடக்கி சட்டைப்பையில போட்டுக்கிற சின்னக் கண்ணாடி. அடித்தகட்டுல ஒரு இஞ்சுக்கு ஒரு இஞ்சு சதுரமா ஓட்டை இருக்கும், மேல லென்ஸ் இருக்கும். துணி மேல வச்சு, இஞ்சுக்குப் பாவு நூல் எத்தனை, ஊடை நூல் எத்தனைன்னு ஊசி முனையால தள்ளித் தள்ளி எண்ணுவோம். 22 வருசமா தினமும் அதுலதான் கண்ணை வச்சிருக்கேன். நூல் பெருசாத் தெரியும், ஆனா ஒரு நாளும் தலைகீழாத் தெரிஞ்சது இல்லீங்க. கைடுல பார்த்தா "பிம்பம் தலைகீழானது"ன்னு போட்டிருக்குது. ரெண்டும் குவிலென்ஸ்தானே? பெருசாக் காட்டுற லென்ஸ் எதுக்குங்க தலைகீழாக் காட்டணும்?

எனக்கு மார்க்குச் சண்டை போடற எண்ணம் இல்லீங்க. பாப்பா கிட்ட என்னன்னு சொல்றதுன்னு தெரியாமத்தான் கேக்கறேன். என் போன்ல தமிழ் கீபோர்டு மட்டும்தான், அதனால யு, வி, எஃப், எம்னே எழுதிக்கலாம். யு பொருளோட தொலைவு, வி பிம்பத்தோட தொலைவு, எஃப் குவியத் தொலைவு, எம் உருப்பெருக்கம்.

இரண்டாம் முயற்சி:

சிம்பிள் சார். எம் = −வி/யு. பிம்பம் தலைகீழ், அதனால எம் = −3. அப்போ வி = 3யு. இதை லென்ஸ் சமன்பாடு 1/வி − 1/யு = 1/எஃப்ல போடுங்க.

1/3யு − 1/யு = −2/3யு = 1/10
யு = −20/3 = −6.67

அட, பாப்பா ஆன்சரே வருது! கைடு தப்பு சார். ரீவேல்யுவேஷன் கேளுங்க.

இருட்டறைக்காரன் (பாளையங்கோட்டை):

ரெண்டாம் முயற்சித் தம்பி, மூணாவது முயற்சி போய்விடக் கூடாதே என்ற கவலையில் சொல்கிறேன்: −வி/யு என்பது ஆடிக்கு, அதாவது முகம் பார்க்கிற கண்ணாடி வகைக்கு. லென்ஸுக்கு வெறும் வி/யு. தலைகீழ் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்து, ஆடியின் மைனஸை உள்ளே விட்டதால், கடைசியில் நேரான பிம்பத்தின் விடை உங்கள் கையில் வந்து விழுந்திருக்கிறது. கணக்கில் ஒரு கூட்டல் கழித்தல் பிசகு கூட இல்லை. முதல் வரிதான் வேறு ஊருக்குப் போகிற பஸ்.

பள்ளிபாளையத்துத் தம்பி, இப்போது உங்களுக்கு. நான் வாத்தியார் இல்லை. ஒரு கல்லூரி இயற்பியல் லேபில் 31 வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாடம் நடத்தியது வேறு ஆட்கள். லென்ஸைத் துடைத்து வைத்தது, பல்பு மாற்றியது, இருட்டறைக்குள் நின்று பிள்ளைகள் தடவுவதைப் பார்த்தது நான். அந்தப் பார்த்த கதையே உங்கள் கேள்விக்குப் போதும்.

முதல் வருஷப் பிள்ளைகளுக்கு யு-வி சோதனை என்று ஒன்று உண்டு. பல்புக்கு முன்னால் கம்பி வலை ஒட்டிய ஓட்டை, அதுதான் பொருள். நடுவில் ஸ்டாண்டில் லென்ஸ். அந்தப் பக்கம் வெள்ளைத் திரை. திரையை முன்னே பின்னே நகர்த்தி, கம்பி வலை தெளிவாக விழுகிற இடத்தில் அளந்து எழுத வேண்டும். வருஷா வருஷம் யாராவது ஒரு பையன், குவியத் தொலைவு 10 என்று லென்ஸில் சீட்டு ஒட்டியிருந்தாலும், பல்பிலிருந்து ஏழு செ.மீ.யில் லென்ஸை வைத்துவிட்டுத் திரையை மேசை முனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போவான். விழாது. சுவர் வரைக்கும் போவான். அங்கேயும் வெறும் வெளிச்சம்தான். "அண்ணே, லென்ஸ் ரிப்பேர்" என்பான். நான் போய்த் திரையை எடுத்துவிட்டு, "இப்போ லென்ஸ் வழியா நேரா பல்பைப் பாருலே" என்பேன். வலை நேராக, பெரிதாக, அட்டகாசமாகத் தெரியும். லென்ஸ் ரிப்பேர் இல்லை. அவன் நிற்கிற இடத்தில் திரைக்கு வேலை இல்லை.

அந்தப் பையன் வைத்த இடம்தான் உங்கள் பிக்கிளாஸின் இடம். துணி, லென்ஸின் குவியத்துக்கு (தூரத்து வெளிச்சம் ஒன்றுகூடுகிற புள்ளிக்கு) உள்ளே இருக்கிறது. பிம்பம் நேரானது, மாய பிம்பம். திரையில் பிடிக்க முடியாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். கைடு எழுதியவர் நினைத்துக்கொண்டது திரையில் விழுகிற பிம்பம். பொருள் குவியத்துக்கு வெளியே இருக்கிறது. தலைகீழ், மெய் பிம்பம். லென்ஸ் ஒன்றுதான். மூன்று மடங்கு இரண்டு இடத்திலும் கிடைக்கும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். தலைகீழ் என்றால் எம் மைனஸ், நேர் என்றால் பிளஸ். யு, வி-யில் மைனஸ் என்றால் லென்ஸுக்குப் பொருள் இருக்கிற பக்கம். வி = எம் × யு என்பதை லென்ஸ் சமன்பாட்டில் போட்டுச் சுருக்கினால்,

யு = எஃப் × (1 − எம்) / எம்

எம் = −3 என்றால் யு = 10 × 4 / (−3) = −13.33. வி = +40.
எம் = +3 என்றால் யு = 10 × (−2) / 3 = −6.67. வி = −20.

சரிபார்ப்பு: 1/40 + 1/13.33 = 0.025 + 0.075 = 0.1. அடுத்தது: −1/20 + 1/6.67 = −0.05 + 0.15 = 0.1. இரண்டும் நிற்கிறது. ஆக கைடும் தப்பில்லை, பாப்பாவும் தப்பில்லை, கேள்விதான் அரைகுறை. "மெய் பிம்பம்" என்றோ "திரையில்" என்றோ ஒரு சொல் போட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

இன்னொன்று. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே வித்தை இதுதான், இதையும் கேட்டுவிடுங்கள். லென்ஸிலிருந்து அளக்காதீர்கள், குவியத்திலிருந்து அளந்து பாருங்கள். 13.33 என்பது குவியத்துக்கு வெளியே 3.33. 6.67 என்பது குவியத்துக்கு உள்ளே 3.33. இரண்டும் ஒரே தூரம்! 10-ஐ மூன்றால் வகுத்தது. ஐந்து மடங்கு வேண்டுமா, குவியத்திலிருந்து இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 2. அவ்வளவுதான்.

ஏன் என்று ஒரு கதிரை வைத்தே காட்டலாம். பொருள் இருக்கிற பக்கத்துக் குவியத்தின் வழியாக வருகிற கதிர் லென்ஸைத் தாண்டியதும் அச்சுக்கு (லென்ஸின் நடுவழியே போகிற நேர்கோட்டுக்கு) இணையாகப் போகும். இணையாகப் போனால் உயரம் மாறாது. எனவே அந்தக் கதிர் லென்ஸில் எந்த உயரத்தில் முட்டுகிறதோ அதுதான் பிம்பத்தின் உயரம். பொருள் குவியத்திலிருந்து 3.33 தள்ளி நிற்கிறது, லென்ஸ் குவியத்திலிருந்து 10 தள்ளி நிற்கிறது. ஒரே சாய்வுக் கோடு மூன்று மடங்கு தூரத்தில் மூன்று மடங்கு உயரத்தில்தானே முட்டும்? பொருள் குவியத்துக்கு வெளியே என்றால் கதிர் குவியத்தில் அச்சைக் கடந்து கீழே போய் முட்டும், அதனால் தலைகீழ். உள்ளே என்றால் கடக்காமல் மேலேயே முட்டும், அதனால் நேர். பாப்பாவை ஸ்கேல் வைத்து ஒரு தடவை வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்முலா மறந்தாலும் இந்தப் படம் மறக்காது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். பாப்பா +3 என்று தெரிந்து போட்டதா, மைனஸை மறந்து போட்டதா? விடைத்தாளில் "நேரான மாய பிம்பம்" என்று எங்காவது எழுதியிருக்கிறதா பாருங்கள். அதைப் பொறுத்துத்தான் அந்த மூன்று மார்க்குக்கு நான் வக்காலத்து வாங்குவதா வேண்டாமா என்று சொல்வேன்.

வில்லைக்காரி (யாழ்ப்பாணம்):

லென்ஸ் எண்டு நீங்கள் சொல்லுறதை நாங்கள் வில்லை எண்டுதான் படிச்சனாங்கள். பிம்பமும் எங்களுக்கு விம்பம். எனக்குப் படிப்பிச்ச ரீச்சர் இன்னொரு வழக்கிலதான் செய்விச்சவ: மெய்யானது எல்லாம் சக (பிளஸ்), மாயமானது எல்லாம் சய (மைனஸ்). சூத்திரம் 1/யு + 1/வி = 1/எஃப். பழைய ஆங்கிலேயப் பாடப் புத்தகங்களிலயும் இந்த வழக்கு இருக்கும்.

இதில உங்கட கணக்கு நாலு வரியில முடியும். மெய் விம்பம் எண்டால் வி = 3யு. 1/யு + 1/3யு = 4/3யு = 1/10, யு = 40/3. மாய விம்பம் எண்டால் வி = −3யு. 1/யு − 1/3யு = 2/3யு = 1/10, யு = 20/3. அதே ரெண்டு விடையும்தான். இந்த வழக்கில "மெய்யோ மாயமோ" எண்டு முதல்லயே முடிவெடுக்காமல் ஒரு வரியும் எழுதேலாது. அதால எங்களுக்குக் கேள்வியில இருக்கிற ஓட்டை உடன கண்ணில பட்டிடும்.

இருட்டறை ஐயா சொன்ன திரைக் கதைக்கு ஒரு சேர்க்கை: பொருளைக் குவியத்துக்கு வெளியில வைச்சாலும், பொருளுக்கும் திரைக்கும் இடையில குவியத் தூரத்தின்ர நாலு மடங்காவது இருக்கவேணும். 10 செ.மீ. வில்லைக்கு 40. அதுக்குக் குறைஞ்ச மேசையில எவ்வளவு நகர்த்தினாலும் விம்பம் தெளியாது. நாங்கள் ஒரு சின்ன வாங்கில வைச்சு ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டிருக்கிறம்.

இருட்டறைக்காரன்:

அம்மா சொன்னது ரொம்பச் சரி. ஆனால் பாப்பாவுக்கு இப்போதைக்கு வேண்டாம். இரண்டு வழக்கும் தனித்தனியாகச் சுத்தமானவை, கலந்தால் விஷம். யு-வுக்கு மைனஸ் போட்டுவிட்டு, நடுவில் கூட்டல் இருக்கிற சூத்திரத்தில் ஏற்றிய ரெக்கார்டு நோட்டுகளை நான் கட்டுக் கட்டாகப் பார்த்திருக்கிறேன். அவளுடைய புத்தகம் கார்ட்டீசியன். லென்ஸின் நடுவிலிருந்து அளக்க வேண்டும், ஒளி போகிற திசை பிளஸ், எதிர்த்திசை மைனஸ். பரீட்சை வரைக்கும் அதிலேயே இருக்கட்டும்.

பிக்கிளாஸ்:

அய்யா, பாப்பா கிட்ட கேட்டேனுங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "மைனஸ் போட மறந்துட்டேன்ப்பா"ன்னுடுச்சு. மாய பிம்பம்னு எங்கயும் எழுதல. அதனால மார்க்குப் பேச்சை இத்தோட விட்டுட்டோம்.

ஆனா வேற ஒண்ணு பண்ணினோம். ஸ்டேஷனரிக் கடையில ஒரு பூதக்கண்ணாடி வாங்கியாந்து, பகல்ல ஜன்னலுக்கு எதிர்ச் சுவருல பிடிச்சோம். வெளிய இருக்கிற வேப்பமரம் சுவருல தலைகீழா, கலரோட, இலை அசையறது வரைக்கும் விழுந்துச்சுங்க. ஸ்கேல் வச்சா 18 செ.மீ. அதுதான் எஃப்ன்னு பாப்பா சொல்லுச்சு. மூணு மடங்குன்னா 18-ஐ மூணால வகுத்தா 6. அப்ப 12-லயும் 24-லயும் வைக்கணும்.

ராத்திரி லைட்டை அமத்திட்டு, போன்ல "க"ன்னு ரெண்டு செ.மீ. உயரத்துக்கு எழுதி, வெளிச்சத்தை முழுசா ஏத்தி, லென்ஸுக்கு 24-ல வச்சோம். கணக்குப்படி வி 72 வரணும். லென்ஸையும் போனையும் சேர்த்தே தள்ளித் தள்ளி, சுவருக்கும் லென்ஸுக்கும் 71, 72 வரும்போது "க" தெளிவா நின்னுச்சு. தலைகீழாத்தான் இருந்துச்சு. உயரம் அளந்தா ஆறுக்குத் துளி கம்மி. என்ற சம்சாரம் சமையக்கட்டுல இருந்து வந்து, சுவருல என்ன எழுத்து, எந்தப் பாஷைன்னு கேட்டுச்சு.

அப்புறம் போனை 12-ல வச்சு லென்ஸ் வழியாப் பார்த்தா, நேரான "க". ரெண்டு செ.மீ.தான் எழுதினோம்னு சொன்னா நம்பமாட்டீங்க. ஸ்கேல் வச்சு அளக்கத்தான் வழி தெரியல.

இப்ப எனக்குச் சொந்தமா ஒரு சந்தேகம். பாப்பாவுக்கு இல்ல, எனக்கு. பிக்கிளாஸ் லென்ஸைக் கழட்டாம அப்படியே ட்யூப்லைட்டுக்குக் கீழ பிடிச்சுத் தரையில அளந்தேன். ட்யூப்லைட் கோடு மாதிரி விழுற இடம் சுமார் 5 செ.மீ. துணியில இருந்து லென்ஸ் நிக்கிற உயரமும் ஏறக்குறைய அதேதான், 4.8 இருக்கும். அய்யா சொன்ன வித்தைப்படி குவியத்துல இருந்து 0.2 செ.மீ. உள்ள. 5-ஐ 0.2-ஆல வகுத்தா 25 மடங்கு வருதுங்க! ஆனா அந்தக் கண்ணாடி 25 மடங்கெல்லாம் காட்டாது. அஞ்சு மடங்குன்னு சொல்லித்தான் விக்கிறாங்க, பார்வைக்கும் அவ்வளவுதான் தெரியும். எங்க தப்பு?

இன்னொண்ணு. எனக்கு 46 வயசு. பேப்பர் படிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி வேணும். பிக்கிளாஸ்ல நூல் எண்ண மட்டும் வேண்டியதே இல்ல. எப்படிங்க அது?

இரண்டாம் முயற்சி:

தாத்தா, ஆடி மைனஸ் விஷயம் இனி மறக்க மாட்டேன். தேங்க்ஸ். 25 மடங்குக்கு என் கிட்டயும் பதில் இல்ல. ஃபார்முலா சரியாத்தான் போட்டிருக்கார்.

இருட்டறைக்காரன்:

உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான் தம்பி. அது தெரியாமலே இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

உங்கள் 25 தப்பே இல்லை. பிம்பம் உண்மையிலேயே 25 மடங்கு உயரம். ஆனால் அது எங்கே நிற்கிறது? வி = 25 × 4.8, அதாவது 120 செ.மீ. தள்ளி. உங்கள் மூக்குக்குக் கீழே துணி இருப்பதாக நினைக்கிறீர்கள், உங்கள் கண் பார்ப்பதோ தரைக்கும் கீழே, நாலடி ஆழத்தில் விரித்து வைத்த ஒரு ராட்சதத் துணியை. கோயில் கோபுரம் பெரியதுதான், பக்கத்து ஊரிலிருந்து பார்த்தால் கட்டை விரலுக்குள் அடங்கிவிடும் இல்லையா?

கண்ணுக்கு முக்கியம் உயரம் அல்ல, கண்ணில் அது பிடிக்கிற கோணம். நூலின் தடிமன் ஒரு பங்கு என்று வையுங்கள். லென்ஸ் இல்லாமல் நல்ல கண்ணுக்கு 25 செ.மீ.யில் பிடித்துப் பார்ப்பதுதான் வழக்கமான அளவு. அப்போது கோணம் 1/25, அதாவது 0.04. பிக்கிளாஸ் வழியாக, கண்ணை லென்ஸுக்கு ஒட்டி வைத்தால், 25/120, அதாவது 0.208. வகுத்துப் பாருங்கள். 5.2 மடங்கு! கடைக்காரன் சொன்னது சரிதான். அவர்கள் பெட்டியில் போடுகிற எண் 25-ஐக் குவியத் தொலைவால் வகுத்தது. உங்களுடையது 25/5 = 5. நகைக்கடையில் கல் பார்க்கிற 10 மடங்குக் கண்ணாடிக்கு எஃப் 2.5 செ.மீ.

இதனால்தான் பரீட்சைக் கணக்கில் வருகிற எம்-ஐயும், கண்ணாடியில் அச்சடித்த எண்ணையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. துணியைச் சரியாகக் குவியத்திலேயே வைத்தால் எம் முடிவிலிக்குப் போய்விடும். பார்வைக்கு நூல் முடிவிலியாகவா தெரியும்? அதே ஐந்து மடங்குதான். எங்கள் லேபில் எம்.எஸ்சி. பிள்ளைகளே இந்த இடத்தில் விழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் 'க' கூட அப்படித்தான். 12-ல் போன், பிம்பம் 36-ல், மூன்று மடங்கு. பார்வைக்கு எவ்வளவு பெரிது என்பது கண்ணை எங்கே வைத்தீர்கள் என்பதையும் பொறுத்தது. சுவரில் விழுந்த 'க'-வுக்கு அந்தத் தொல்லை இல்லை, யார் அளந்தாலும் ஆறு.

வெள்ளெழுத்துக்கு வருகிறேன். நாற்பது தாண்டினால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் இறுகிப் போய்விடும், கிட்டத்தில் இருப்பதற்கு ஏற்ப உப்பிக்கொடுக்காது. அதனால்தான் பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறோம். பிக்கிளாஸ் அந்தத் தள்ளிப் பிடிக்கிற வேலையைத் தானே செய்துவிடுகிறது. பிம்பத்தை 120-ல் கொண்டுபோய் வைக்கிறது. உங்கள் கண்ணுக்கு 120 சுலபம். உங்கள் செக்கிங் மேசையில் இருபது வயதுப் பையனும் நீங்களும் ஒரே கண்ணாடியில் சண்டை இல்லாமல் எண்ணுவது அதனால்தான். நீங்கள் போடுகிற கண்ணாடியின் பவரும் இதே கணக்குதான். 1-ஐக் குவியத் தொலைவால் வகுக்க வேண்டும், ஆனால் மீட்டரில். +2 பவர் என்றால் அரை மீட்டர், 50 செ.மீ. செ.மீ.யிலேயே வகுத்து 0.02 டையாப்டர் என்று எழுதுகிற பிள்ளைகளிடம், "இந்தக் கண்ணாடியைப் போட்டால் ஒண்ணும் தெரியாதுலே, ஜன்னல் கண்ணாடி அது" என்பேன். பூதக்கண்ணாடி 18 செ.மீ. என்றீர்களே, அதன் பவர் 1/0.18, ஏறக்குறைய 5.6. பாப்பாவைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் தொழிலோடு ஒட்டிய ஒரு ஆளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹாலந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் லேவன்ஹுக் (1632–1723) என்று ஒருவர். துணி வியாபாரி. நூலின் தரம் பார்க்கக் கண்ணாடி பிடிப்பது அந்தத் தொழிலில் வழக்கம். உங்களைப் போலவே ஒற்றை லென்ஸ்தான், ஆனால் அவர் தானே செய்துகொண்ட குண்டுமணிக்கும் சிறிய லென்ஸ். இரண்டு உலோகத் தகட்டுக்கு நடுவில் அதைப் பிடிக்க வைத்து, கண்ணோடு ஒட்டிப் பார்ப்பார். இன்றும் மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று சுமார் 270 மடங்கு காட்டும். 25 செ.மீ.யை 270-ஆல் வகுத்தால் குவியத் தொலைவு ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதை வைத்துக்கொண்டுதான் அந்தத் துணி வியாபாரி தண்ணீரிலும் பல் ஊத்தையிலும் நெளிகிற நுண்ணுயிர்களைப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். நம்மிடம் 5 செ.மீ. லென்ஸ் இருக்கிறது, பாவு ஊடை எண்ணுவோம்.

வில்லைக்காரி:

பல் ஊத்தையை விடுங்கோ ஐயா, சாப்பிட்டுக்கொண்டு வாசிக்கிறன். தங்கச்சிக்கு ஒரு விசயம்: அந்தக் "க" கணக்கில போனை 72-ல வைச்சு, சுவரை 24-ல வைச்சுப் பாருங்கோ. ரெண்டையும் மாத்திப்போட்டாலும் தெளிவாத்தான் விழும். ஆனா உயரம் ரெண்டு செ.மீ.யின்ர மூண்டில ஒண்டா இருக்கும். ஏனெண்டு உங்கட சமன்பாட்டைக் கேளுங்கோ.

பிக்கிளாஸ்:

எல்லாருக்கும் நன்றிங்க. இன்னிக்கு மேசையில பையன் ஒருத்தன் கிட்ட, "நீ பார்க்கிற நூல் நாலடி கீழ இருக்குது"ன்னேன். ஒரு மாதிரி பார்த்தான். இதுக்கு மேல பாப்பாவே எழுதறேன்னு போனை வாங்கிடுச்சு.

தாத்தா, நான்தான். விளக்கத்துக்கு ரொம்ப தேங்க்ஸ். இனிமே முதல் வரியிலேயே மெய்யா மாயமான்னு எழுதிட்டுத்தான் கணக்கு ஆரம்பிக்கறேன். பூதக்கண்ணாடி பவர் 5.56 டையாப்டர். மாத்தி வச்ச "க"வும் பார்த்துட்டோம் ஆன்ட்டி, 0.7 செ.மீ. இருந்தது, எம் = −1/3.

ஒரு டவுட். தாத்தா குடுத்த யு = எஃப் × (1 − எம்) / எம்ல சும்மா எம் = +1 போட்டுப் பார்த்தேன். யு = 0 வருது. ஃபார்முலா தப்பா, நான் தப்பா?

இருட்டறைக்காரன்:

ரெண்டு பேரும் தப்பில்லை தாயி. பூதக்கண்ணாடியை எடுத்துப் பேப்பர் மேல் அப்படியே படுக்க வை. எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது?

இப்போது குவியத்திலிருந்து அளக்கிற வித்தையில் போடு. 18-ஐ ஒன்றால் வகுத்தால் 18. குவியத்திலிருந்து உள்பக்கம் 18 வந்தால் லென்ஸின் மேலேயே மோதுகிறோம், அதுதான் உன் பூஜ்ஜியம். வெளிப்பக்கம் 18 போனால் 36. அங்கே போனை வைத்து, லென்ஸுக்கு அந்தப் பக்கம் 36-ல் சுவர் இருக்கிற மாதிரி நில்லு. உருப்பெருக்கம் −1. மொத்தம் 72, யாழ்ப்பாணத்து அம்மா சொன்ன நாலு மடங்கு.

பிக்கிளாஸ்:

படுக்க வச்சா எழுத்து அப்படியே இருக்குது தாத்தா, ஓரத்துல மட்டும் துளி பெருசு. லேசாத் தூக்கினா உடனே வளருது! 36-ல வைக்கிறதை ராத்திரிதான் பார்க்கணும், அப்பா போனைக் குடுத்தா.